கைதட்டுவதற்கு முன்னால்

எழுத்துக் கற்றுக்கொடுக்கப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் அக்கா ஒரு கேள்வி கேட்பார். “உன் மையத்துல ஒரு அம்மா இன்னைக்கு முதல் தடவையாத் தன் பேரை எழுதிட்டாங்க. நீ என்ன செய்வே?” எல்லார் முன்னாலயும் கூப்பிட்டுக் கைதட்டச் சொல்லுவோம் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அதைக் கேட்டதும் அவர் முகம் இறுகிவிடும். “அந்த அம்மாவுக்கு அது வேணுமான்னு கேட்டியா?” என்பார்.

கீரனூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு கிராமம். அங்கன்வாடியில் வேலை பார்க்கும் அக்காவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஊரில் மூத்தவர்கள் இன்றும் அவரை ‘அறிவொளிப் பிள்ளை’ என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். 15 வயதைக் கடந்தும் எழுதப் படிக்கத் தெரியாமல் இருப்பவர்களுக்காக 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் பாடம் நடத்த முன்வந்த இளையவர்கள் சிலர், மாலை நேரத்தில் அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்து யோசனை கேட்பதுண்டு. அக்காவும் சளைக்காமல் சொல்வார். அவர் சொல்வதெல்லாம் சுற்றிச் சுற்றி 1991இல் வந்து நிற்கும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கிய வருஷம் அது. தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் உருவாகியிருந்தது. 1990 பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம், நாட்டிலேயே முதலாவதாக முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. அந்த உற்சாகம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களின் எழுத்தறிவு 51.33 சதவீதம், ஆண்களுடையது 73.75. வானம் பார்த்த புதுக்கோட்டைக் கிராமங்களில், கல் குவாரியிலும் நடவிலும் களையெடுப்பிலும் பொழுதைக் கழிக்கும் பெண்களுக்கு மை டப்பாவும் பெருவிரலும்தான் கையெழுத்து. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த அக்கா, அப்போது பத்தொன்பது வயதுப் பெண், ஊர் மந்தையில் கலைக்குழு நடத்திய தெருநாடகத்தைப் பார்த்துவிட்டுத் தொண்டராகப் பெயர் கொடுத்தார். சம்பளம் கிடையாது. ஒரு தொண்டருக்குச் சுமார் பத்துப் பேர் என்பது ஏற்பாடு.

ஆள் சேர்ப்பது, அரிக்கேன் விளக்குக்கு மண்ணெண்ணெய் தேடுவது, சிலேட்டு வாங்குவது பற்றியெல்லாம் அவர் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார். சாப்பாட்டு வேலை முடிந்த பிறகு வகுப்பு வையுங்கள். கைக்குழந்தையோடு வந்தால் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். நடவுக் காலத்தில் ஆள் வராவிட்டால் மனம் விட்டுவிடாதீர்கள். இவ்வளவுதான். இன்று நடவுக்கு ஆளே கிடைப்பதில்லை, பெண்கள் நூறு நாள் வேலைக்கும் கம்பெனி வேனுக்கும் போகிறார்கள் என்று இளையவர்கள் சொன்னாலும், அவர் மனதில் இருக்கும் வகுப்பறை அந்த மந்தைதான். எல்லா ஊரிலும் ஒரு மந்தையும் ஒரு வேப்பமரமும் இருக்கும் என்று நம்பித்தான் யோசனை சொல்கிறார்.

ஒரே ஒரு இரவைப் பற்றி மட்டும் அவரால் வேகமாகச் சொல்ல முடியாது.

மையத்தில் முதலில் பெயர் எழுதக் கற்றவர், அக்காவுக்கு உறவுமுறையில் அத்தாச்சி. குவாரியில் ஜல்லி உடைப்பவர், முப்பது வயதைக் கடந்தவர், இரண்டு பிள்ளைகள். சுத்தியல் பிடித்துக் காய்த்துப்போன விரல்களில் பலப்பம் நிற்காது, அழுத்தி அழுத்தி ஒடிந்துகொண்டே இருக்கும். அறிவொளிப் பாடநூல் மூன்று பாகம். பள்ளிக்கூடத்தைப் போல அ, ஆ என்று வரிசையாகப் போகாது; அன்றாடம் புழங்கும் சொற்களிலிருந்து எழுத்துகளுக்குப் போகும். ஆனால் படிக்க வந்தவர்களுக்கோ முதலில் தங்கள் பெயர்தான் வேண்டும். புத்தகத்தில் இன்னும் வராத எழுத்துகள் பெயரில் இருந்தாலும், கோலம் மாதிரி பார்த்துப் பார்த்துக் கையில் ஏற்றிக்கொண்டார் அத்தாச்சி. எழுதி முடித்த அன்று சிலேட்டை அழிக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போனார்.

1991 மழைக்காலம் முடிந்த சமயம், நகரத்திலிருந்து மையங்களைப் பார்வையிட ஒருவர் ஜீப்பில் வந்தார். ஜீப் வந்தால் ஊர் கூடும். பெட்ரோமாக்ஸ் விளக்கு வந்தது. பெரியவர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். படிக்கும் பெண்களின் வீட்டுக்காரர்களும் வந்தார்கள். “எத்தனை பேர் தேறியிருக்காங்க?” என்று வந்தவர் கேட்டார். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. “அத்தாச்சி, வந்து எழுதிக் காட்டுங்க” என்று கூப்பிட்டுவிட்டார்.

முந்தானையைப் பல்லில் கடித்தபடி அத்தாச்சி எழுந்து வந்தார். அதுவரை அவர் கரும்பலகையில் எழுதியதே இல்லை. மடியில் வைத்துக் குனிந்து எழுதுவதற்கும், ஊர் பார்க்கக் கையை உயர்த்தி எழுதுவதற்கும் எவ்வளவு தூரம் என்பது வளர்ந்த பிறகு எழுத்துக் கற்றவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு எழுத்து வந்தது. மூன்றாவதில் கை நின்றுவிட்டது. வந்தவர் சாக்பீஸை அத்தாச்சி கையிலிருந்து வாங்கி, மிச்ச எழுத்துகளைத் தானே எழுதினார். பிறகு புத்தகத்தில் இன்னும் வராத ஒரு சொல்லை எழுதி, இதைப் படி என்றார். அத்தாச்சி தரையைப் பார்த்தார். “இவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தியாம்மா?” என்று அக்காவிடம் திரும்பினார். பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள்.

மறுநாள் அத்தாச்சி வரவில்லை. அவரோடு குவாரிக்குப் போகிறவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். மையத்தில் பாதி காலியானது. வீட்டுக்காரர் அடித்தாரா, திட்டினாரா என்று அக்கா விசாரித்தார். இரண்டும் இல்லை. “என்ன டீச்சரம்மா, சோறு ஆச்சா?” என்று தினமும் கேட்டாராம். அத்தாச்சியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

வந்தவர் மீது அக்காவுக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுதிக்கொண்டிருப்பவர் கையிலிருந்து சாக்பீஸை வாங்க யாருக்கும் உரிமை இல்லை என்று சொல்லும்போது குரல் உயர்கிறது. அந்த ஆத்திரம் நியாயமானது. ஒரு நிமிஷம் அவர் காத்திருந்தால் மூன்றாவது எழுத்து வந்திருக்கும். வராவிட்டாலும் இரண்டு எழுத்து அத்தாச்சியுடையதாக இருந்திருக்கும். எழுத்தறிவு மையத்துக்கு விருந்தாளியாகப் போகிறவர்கள் யாராக இருந்தாலும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதுதான் அவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

ஆனால் அக்கா அதோடு நிற்பதில்லை. இளையவர்களிடம் அவர் அழுத்திச் சொல்வது வேறு. அன்று இரண்டு விதமான பெருமை ஒன்றாகக் கலந்துவிட்டது. அத்தாச்சி வளர்ந்ததில் ஒரு பெருமை. தான் உழைத்ததில் ஒரு பெருமை. இரண்டாவதை ஊருக்குக் காட்ட முதலாவதைக் கூப்பிட்டு நிறுத்தியதுதான் அந்த இரவின் விலை என்கிறார். “உன் வேலையப் பத்திப் பெருமைப்படணும்னா நீ எழுந்து பேசு. எத்தனை வகுப்பு எடுத்தேன், எந்தப் பாடம் முடிச்சேன்னு நோட்டைக் காட்டு. அவுங்க எழுதினது அவுங்க சொத்து. அதை எடுத்து நீ சபையில வைக்காதே.”

நிலைமையை மாற்றியது சைக்கிள். புதுக்கோட்டை ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவு வேலையோடு பெண்கள் சைக்கிள் கற்பதையும் சேர்த்துவிட்டார். ஊர் ஊராகப் போய் மையங்களைக் கவனிக்க வேண்டிய பெண்கள், எப்போதாவது வரும் பஸ்ஸுக்கும் கூட்டிப்போக வேண்டிய அண்ணன் தம்பிக்கும் காத்திருந்தால் வேலை நடக்காது. லேடீஸ் சைக்கிள் போதவில்லை; பார் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே கற்றார்கள். குழந்தையை உட்கார வைக்க அந்தக் கம்பி வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. இயக்கத்தில் இருந்த முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராகப் பரவியது. வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு விடிவதற்கு முன்னால் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனார் அக்கா. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விழுந்து எழுந்தார். வழியில் கிண்டல் இருந்தது. கேட்கக்கூசும் பேச்சும் இருந்தது. அதைப் பற்றி நீளமாகச் சொல்ல அவர் விரும்புவதில்லை. “பேசினவன் பொண்ணும் அப்புறம் சைக்கிள்லதான் பள்ளிக்கூடம் போச்சு” என்பதோடு முடிக்கிறார்.

குவாரிப் பெண்களும் கற்றுக்கொண்டார்கள். அத்தாச்சிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. ஒருநாள் கண்மாய்க் கரையில், சின்னவனைப் பாரில் உட்கார வைத்து, தூக்குவாளியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு அத்தாச்சி எதிரே வந்தார். அக்காவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. ஒன்றும் செய்யாமல் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். அத்தாச்சி தாண்டிப் போய், காலை ஊன்றி நிறுத்தி, திரும்பிப் பார்த்துக் கேட்டார்: “பாப்பா, இப்ப எத்தனாவது பாடம் நடக்குது?”

அந்த வாரமே வகுப்புக்கு வந்தார். குவாரிச் சேக்காளிகளில் சிலரும் வந்தார்கள். சிலர் வரவே இல்லை. அத்தாச்சி மூன்றாம் பாகத்தை எட்டவும் இல்லை. பஸ் போர்டு படிப்பார், கையெழுத்துப் போடுவார், கூலி நோட்டில் தன் வரியைக் கண்டுபிடிப்பார். இதை ஒரு குறையாக யாராவது சொன்னால் அக்கா சண்டைக்கு வருவார். குவாரியில் எத்தனை நாள் வேலை எழுதியிருக்கிறார்கள் என்று தானே பார்த்துக் கேட்கத் தெரிந்தவருக்கு அடுத்த பாகம் எப்போது வேண்டும் என்பதை அவரே முடிவு செய்வார் என்பது அக்காவின் வாதம். பாகங்களை எண்ணி மதிப்பெண் போட்டவர்களுக்கு அவர் வைத்திருக்கும் பதிலும் அதுதான்.

1992 மார்ச்சில், உலக மகளிர் தின வாரத்தில், 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் வந்தார்கள். மாவட்டம் முழுக்கப் பல ஊர்களில் சைக்கிள் போட்டிகள் நடந்தன. 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடங்களில் ஓட்டிக் காட்டினார்கள் என்று எழுதுகிறார் பத்திரிகையாளர் பி.சாய்நாத். ஒரு கடையில் பெண்கள் சைக்கிள் விற்பனை ஓராண்டுக்குள் 350 சதவீதத்துக்கும் மேல் கூடியதையும், அறிவொளிப் பெண் ஊழியர்களுக்காக யுனிசெஃப் 50 மொபெட்டுகள் கொடுத்ததையும் அவர் பதிவுசெய்திருக்கிறார். வறிய மாவட்டங்களைப் பற்றி 1996இல் வெளியான அவருடைய நூலில் இது ஒரு பகுதி. பிறகு அதன் இந்தி வடிவம் என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல ஆண்டுகள் இருந்தது. புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்ற கதையை வடமாநிலப் பிள்ளைகள் தேர்வுக்குப் படித்தார்கள் என்று சொல்லும்போது அக்கா நிமிர்ந்து உட்காருகிறார். ஊர்வலத்தில் அவரும் போனார், அத்தாச்சியும் போனார். ஊர்வலப் படத்தில் இருவரும் இல்லை.

மந்தையில் ஊர் பார்த்தது ஒருவரை உடைத்தது. நகரத் தெருவில் ஊர் பார்த்தது ஆயிரக்கணக்கானவர்களைத் தூக்கி நிறுத்தியது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார் அக்கா. ஊர்வலத்துக்கு யாரும் யாரையும் கூப்பிட்டு முன்னால் நிறுத்தவில்லை. வர விரும்பியவர் வந்தார். விழுந்தாலும் பக்கத்தில் இன்னும் நூறு பேர் இருந்தார்கள். எவ்வளவு கற்றுக்கொண்டாய் என்று வழிமறித்துக் கேட்க யாரும் இல்லை. மையத்தில் கொண்டாட்டம் வேண்டுமென்றால் அதே மாதிரி செய்யச் சொல்கிறார்: எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சிலேட்டைக் கொடுங்கள், எல்லோரும் எழுதட்டும், தூக்கிக் காட்ட விரும்புகிறவர் காட்டட்டும், மடியில் கவிழ்த்து வைத்துக்கொள்கிறவரை விட்டுவிடுங்கள்.

சொந்த வேலையைப் பற்றிய பெருமைக்கு அவர் வைத்திருக்கும் ஆதாரம் பழைய வருகைப் பதிவு நோட்டுகள்தான். அந்த நாட்களில் வீட்டில் பேச்சு வாங்கினார். கூடப் படித்தவர்கள் டைப்ரைட்டிங் வகுப்புக்கும் திருப்பூர் வேலைக்கும் போனபோது, இவர் மண்ணெண்ணெய் வாசத்தோடு இரவில் வீடு திரும்பியதை உறவுக்காரர்கள் ‘ஓசி வேலை’ என்றார்கள். அதற்கு அவர் சொல்லும் பதிலில் முப்பது வருஷக் கோபம் இருக்கிறது. அங்கன்வாடி வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது, கிராமத்துத் தாய்மார்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை என்கிறார். டைப்ரைட்டிங் படித்தவர்களின் மெஷின் எங்கே போனது என்றும் கேட்கிறார். சம்பளமில்லாத வேலைக்கு எல்லோராலும் அப்படி இறங்க முடியாது. அப்பாவுக்குக் கொஞ்சம் நிலமும் வீட்டில் சாப்பாடும் இருந்ததால் அக்காவால் முடிந்தது. கூலிக்குப் போனால்தான் உலை என்ற வீட்டுப் பெண்ணிடம் இந்த யோசனை செல்லாது. அன்று தொண்டர்களாக வந்த ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் மாலை நேரங்களைக் கொடுத்தார்கள். அந்த உழைப்புக்கு மாவட்டம் பட்ட கடன் இன்னும் சரியாக எழுதப்படவில்லை. நெல்லை அறிவொளியில் வேலை செய்த எழுத்தாளர் ச.தமிழ்ச்செல்வன் ‘இருளும் ஒளியும்’ என்ற நூலில் தன் அனுபவங்களை எழுதினார். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அப்படி ஒரு நூல் வேண்டும். அக்கா போன்றவர்களின் நோட்டுகள் கரையானுக்குப் போவதற்கு முன்னால் வேண்டும்.

இயக்கத்தின் வேகம் குறைந்தபோது நடந்ததை அவரால் மன்னிக்க முடியவில்லை. பாகம் முடிந்தது, தேர்வு முடிந்தது, மேடையும் மாலையும் முடிந்தன. அதற்குப் பிறகு படிக்க ஊரில் என்ன இருந்தது? வாசித்துக்கொண்டே இருக்க ஒன்றும் இல்லாத இடத்தில், வளர்ந்த பிறகு கற்ற எழுத்து சில மழைக்காலத்துக்குள் மங்கிப்போகும். அக்காவின் மையத்திலேயே சிலர் மறுபடி கைநாட்டுக்குத் திரும்பினார்கள். தப்பித்தவர்கள் யார் என்று அவர் கவனித்து வைத்திருக்கிறார்: எழுத்தோடு தினமும் வேலை இருந்தவர்கள். மகளிர் சுயஉதவிக் குழு வந்த பிறகு வரவுசெலவு நோட்டைப் பிடித்தவர்கள். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் பூ விற்கப் போய்வந்தவர்கள். அப்புறம், கடிதம் வந்தவர்கள்.

கடிதம் பற்றிச் சொல்லும்போது மட்டும் அக்காவின் வேகம் குறைகிறது. மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து ஆண்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போயிருந்தார்கள். வீட்டுக்காரர் எழுதும் கடிதத்தை மனைவி இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். படித்துச் சொல்பவர் பெரும்பாலும் பள்ளிக்கூடப் பையன் அல்லது கொழுந்தன். இவர்கள் படிப்பார்கள் என்று தெரிந்தே கடிதங்கள் எழுதப்படும். ‘அனைவரும் நலமா’ என்பதைத் தாண்டிப் போகாது. அப்படிப்பட்ட ஒரு பெண் மையத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார், வாய் திறக்கமாட்டார். தேறுவார் என்ற நம்பிக்கை அக்காவுக்கு இருக்கவில்லை. ஒரு கட்டத்தில் அவர் கடிதம் படிக்க யாரையும் தேடி வராமல் ஆனார். தபால்காரர் கொடுத்த உறையை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று அக்கா கேட்கவே இல்லை. தான் சொல்லிக்கொடுத்ததிலேயே நல்ல பலன் தன் கண்ணில் படாமல் நடந்தது என்பதில் அவருக்கு இருக்கும் சந்தோஷம், ஊர்வலத்தைப் பற்றிச் சொல்லும்போது இருப்பதைவிடப் பெரிது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களின் எழுத்தறிவு 73.44 சதவீதமாக உயர்ந்தது. அரசுப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பெண் சைக்கிளில் போவது இன்று யாரும் திரும்பிப் பார்க்கிற விஷயமே இல்லை. மிச்சமிருப்பவர்கள்தான் இப்போது மையத்துக்கு வருகிறார்கள்: வயதானவர்கள், தெரியாது என்பதை இத்தனை வருஷம் மறைத்தே பழகியவர்கள். அன்றைய பத்துப் பேரைவிட இவர்களின் கூச்சம் ஆழமானது. பேரப்பிள்ளை கல்லூரியில் படிக்கும் வீட்டில், பாட்டி அ எழுதும் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டால் அவருக்கு எப்படி இருக்கும்?

“ஆனா படம் போட்டாத்தானே வேலை நடக்குதுன்னு தெரியும் அக்கா” என்றார் போன முறை வந்த பெண். நியாயமான கேள்விதான், அக்காவும் அதைத் தள்ளவில்லை. கரும்பலகையைப் படம் எடு, உன் நோட்டைப் படம் எடு, முகம் வேண்டுமென்றால் தனியாகக் கூப்பிட்டுக் கேள். சரி என்றவர்களை மட்டும் எடு என்றார். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் ஏன் என்று கேட்காதே என்றும் சேர்த்துக்கொண்டார். வங்கிக்குக் கையெழுத்துப் போடப் போகும்போது கூட வரச் சொன்னால் போ; உள்ளே வராதே என்றால் வாசலிலேயே நில். பிறகு, மையத்துக்கு வரும் பாட்டிக்கு ர எழுத்து பிடிபடவில்லை என்று அந்தப் பெண் சொல்ல, ரேஷன் கார்டை வைத்து நடத்தினால் வரும், வீட்டிலிருந்து அவரவர் கார்டை எடுத்துவரச் சொல் என்று பேச்சு பாடத்துக்குப் போய்விட்டது.